கணையத்து ஓட்டையை அடைத்த தண்ணீர்

டோங்காவின் அந்தக் கிராமத்தில் கணையத்தில் ஓட்டை இல்லாதவர் ஒருவரும் இல்லை. கண்டுபிடித்துச் சொன்னவர் மாஃபி. ஆக்லாந்தில் பத்து வருடம் என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது பெயருக்கு முன்னால் டாக்டர் ஒட்டியிருந்தது, அது போதாதா?

தேவாலயக் கூடத்தின் சன்னல்களில் கறுப்புத் தார்ப்பாய். உள்ளே கும்மிருட்டு, திருவிழாக் கூட்டம். கிண்ணத்தில் துப்பிக் கொடுத்தால், கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஒரு பொடியைத் தூவுவார். குழாய் பச்சையாக மினுங்கும்.

"பாத்தீங்களா? உங்க கணையத்திலேர்ந்து சக்தி ஒழுகுது. ஏ.டி.பி.ன்னு பேரு. இன்சுலின் போட்டா ஓட்டை இன்னும் பெரிசாகும்."

பிறகு அவருடைய தண்ணீர் ஒரு குவளை. மறுபடி துப்பினால் குழாய் இருண்டு கிடக்கும். ஓட்டை அடைபட்டது, ஆமென். பணத்தைக் கையால் தொடமாட்டார் மகான். காணிக்கையாக வரும் பன்றியையும் பாயையும் மட்டும் தொடுவார்.

ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் லுபேக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, சர்க்கரை நோயாளியான சையா இன்சுலின் ஊசியை நிறுத்தும்வரை. சையா அவளுடைய அண்ணன் மகன். அவளைவிட மூன்று வயது மூத்தவன். இருந்தாலும் அத்தை அத்தைதான். அத்தை கேட்டதற்கு மருமகன் இல்லையென்று சொல்வது அந்த ஊரில் நடக்காத காரியம்.

மூன்றே நாளில் சையாவின் உதடு வெடித்திருந்தது. மூச்சில் அழுகிய பழ வாடை.

"செத்துப்போயிடுவ சையா. ஊசியைப் போடு."

"ஓட்டை அடையட்டும் அத்தை."

"ஓட்டையே இல்லடா. கணையம் அந்த ஏ.டி.பி.யை வெளிய விடத்தான் செய்யும், எல்லாருக்கும். பக்கத்து உயிரணுவை வேலைக்கு வான்னு கூப்பிடத்தான் விடுது. கூப்பிட்டு முடிஞ்சதும் அங்கயே உடைச்சுப் போட்டுடும். இதுல எதை அடைக்கப் போறாரு உங்க டாக்டர்?"

"கர்த்தர் முன்னாடி வாக்குக் குடுத்துட்டேன் அத்தை. மன்னிச்சிடுங்க."

அத்தை பேச்சை அவன் மறுத்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை லுபே தேவாலயக் கூடத்துக்குப் போய் ஒரு கிண்ணத்தை நீட்டினாள். "டாக்டர், இதையும் பாருங்க."

பொடி விழுந்ததும் குழாய் பளிச்சென்றது.

"அடடா, முத்திப்போன ஓட்டை. இந்தத் தண்ணியைக் குடிக்கக் குடும்மா."

அவள் குவளையோடு வெளியே போனாள். வேறு கிண்ணத்தோடு திரும்பினாள். இந்தத் தடவை அவர் கை வேறொரு டப்பாவுக்குப் போனது. குழாய் மினுங்கவில்லை.

"ஆண்டவருக்கு மகிமை. குணமாயாச்சு. யாரும்மா அந்தப் புண்ணியவான்?"

"வாசல்லதான் இருக்கு. காலைல சையா காணிக்கையாக் கட்டின பன்னி. ரெண்டு கிண்ணமும் அதோட எச்சில். உங்க தண்ணியை ஈரப்பலா மரத்துக்கு ஊத்திட்டேன்."

பின்வரிசையில் ஒரு கிழவர் பரவசமாகக் கேட்டார்: "குடிக்காமலே குணமாயிடுச்சா?"

லுபே அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. "ரெண்டு டப்பா வச்சிருக்கீங்களே டாக்டர். இப்ப அந்த முதல் டப்பாப் பொடியை இதுல போடுங்க."

"ஜெபம் பண்ணின பொடி அது. கண்டவங்க தொடக்கூடாது."

கண்டவள் தொட்டாள். இருண்டு கிடந்த குழாய் பச்சையாக எரிந்தது. இரண்டாம் டப்பாப் பொடியை நக்கிப் பார்த்தாள்.

"இது கிழங்கு மாவு. அந்தப் பொடி, மேஜையைச் சுத்தமாத் துடைச்சோமான்னு நாங்க பாக்கிற பொடி. எச்சிலோ அழுக்கோ, உயிர் ஒட்டினது எதுவா இருந்தாலும் மினுங்கும்."

மாஃபி கதவுப் பக்கம் நகர்ந்தார். அந்த ஊர் மரியாதைப்படி அவர் இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்தது சையா கொடுத்த பாய். மகள் கல்யாணத்துக்கென்று அவன் மனைவி ஒரு வருடம் முடைந்தது.

"நில்லுங்க. அது என் மருமகன் வீட்டுப் பாய். அத்தை கேக்கிறேன். அவிழுங்க."

அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, கிழிந்த அரைக்கால் சட்டையோடு மகான் வெளியேறினார். கூட்டத்தில் நின்றிருந்த சையா தலைகுனிந்தபடி கையை நீட்டினான். "ஊசி எடுத்துட்டு வந்தீங்களா அத்தை?"

லுபே எடுத்து வந்திருந்தாள். "கை இருக்கட்டும், வயித்தைக் காட்டு. போட்டுட்டு நேரா ஆஸ்பத்திரி."

மீந்த தண்ணீர் வீணாகிறதே என்று அந்தக் கிழவர் வாளியோடு பன்றியின் முன்னால் வைத்தார். அது முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வாயில் வைக்குமுன் ஒரு தடவை சோதித்துப் பார்க்கவேண்டும் என்று பன்றிக்குத் தெரிந்திருக்கிறது. நாம் எப்போது தெரிந்துகொள்ளப் போகிறோம்?