மந்திரப் போர்வீரனுக்கு மூன்றாவது கை

இனிமேல் சனிக்கிழமை சாயங்காலத்தை நானே ஆள்வது என்று சபதம் எடுத்தேன். எடுத்த இடம் குளியலறை. வெளியே கேட்டுவிடக் கூடாதே என்று குழாயைத் திறந்துவிட்டிருந்தேன்.

"என்னங்க, தண்ணி சும்மா போகுது!" என்று மனைவியின் குரல் வந்தது.

மூடினேன். சபதத்தை அல்ல, குழாயை.

நான் ஒன்றும் சாதாரண ஆள் இல்லை. லிஃப்ட் கம்பெனியில் மேற்பார்வையாளர். நான் தலையாட்டினால் ஊரே மேலே போகும், கீழே வரும். வீட்டில் மட்டும் நான் எந்தச் சட்டை போடுவது என்று அவள்தான் எடுத்து வைப்பாள். சட்டை நன்றாகவும் இருந்து தொலைக்கும். அதுதான் வயிற்றெரிச்சல். சனிக்கிழமை சாயங்காலம் என்றால் மச்சான் வீடு. அவர் கார் வாங்கிய கதையை நான் இதுவரை நாலு கார் அளவுக்குக் கேட்டாயிற்று.

இந்த நிலையில்தான் மாடி வீட்டுப் பல் டாக்டர் என்னைப் படிக்கட்டில் மடக்கினார்.

"சார், சனிக்கிழமை நம்ம வீட்டுல ஒரு விளையாட்டு. நான் கதை சொல்லுவேன். நீங்க ஆளுக்கொரு பாத்திரம். குகை வரும், பூதம் வரும். நீங்க என்ன செய்யறதா சொல்றீங்களோ அது நடக்கும். நடக்குமா நடக்காதான்னு பகடை சொல்லும்."

"நான் சொல்றது நடக்குமா?" அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நடக்கும் சார். உங்களுக்கு மந்திரப் போர்வீரன். வாளும் வீசுவான், மந்திரமும் போடுவான். மூணு விஷயம் மட்டும் நீங்களே தேர்ந்தெடுத்துக் கொடுத்துடுங்க. கொடுத்தப்புறம் மாத்த முடியாது."

ஒரு தடிப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் மரத்துப்போக இதையே படிக்கச் சொல்லலாம்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. முதல் தேர்விலேயே நான் காலி. வாளோடு கேடயம் எடுக்கலாம். அடி படாது. ஆனால் மந்திரம் போட ஒரு கை சும்மா இருக்க வேண்டுமாம். ஒரு கையில் வாள், ஒரு கையில் கேடயம், மூன்றாவது கைக்கு நான் எங்கே போவது? சரி, ரெண்டு கையாலும் பிடிக்கிற பெருவாளை எடுக்கலாமா என்றால், மந்திரம் போடும்போது வாளை என்ன செய்வது? கக்கத்தில் இடுக்கிக்கொள்வதா?

ரெண்டாவது, தாக்கும் மந்திரமா, தடுக்கும் மந்திரமா? மூன்றாவது இன்னும் மோசம். தன்னிச்சையாகத் திரியும் வீரனா, கட்டளை ஏற்ற வீரனா? தன்னிச்சை வீரன் தானே முடிவெடுப்பான், பலம் சுமார். கட்டளை வீரன் தளபதி வாயைத் திறந்தால்தான் அசைவான். அசைந்தால் பலம் ரெண்டு மடங்கு.

படிக்கப் படிக்கக் குழம்பியது. குழம்பியதும் திரும்பப் படித்தேன். வேலையில் இருந்தபோது யாரோ போன் பண்ணி, "லிஃப்ட் எங்க சார் நிக்குது?" என்றார். "தற்காப்பு மந்திரத்துல" என்றேன்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. என் மனைவி இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருக்கிறாள். பொடி எழுத்தைப் படித்துவிட்டு "உங்களுக்குக் கிடையாது" என்று சொல்வது அவள் உத்தியோகம். அவளைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவாள். கேட்டால் சபதம் போச்சு. அப்போதுதான் எனக்கு அந்த அபார யோசனை உதித்தது. கேட்காத மாதிரி கேட்டால்?

வெள்ளிக்கிழமை காலையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நானாகப் போய் உட்கார்ந்து ரெண்டு காய் உரித்தேன்.

"கம்பெனிக்குப் புதுசா ஒருத்தன் வந்திருக்கான்."

"ம்."

"வெல்டிங்கும் தெரியும், கரண்ட் வேலையும் தெரியும்."

"நல்லதுதானே. என்ன வயசு?"

"நூத்தி முப்பது."

பட்டாணி உரிக்கிற கை நின்றது. புத்தகத்தில் வீரனின் வயது அப்படித்தான் போட்டிருந்தது. நான் என்ன செய்வேன்?

"கிலோ!" என்றேன். "எடையச் சொன்னேன். பெரிய உடம்பு."

"லிஃப்ட் தாங்குமா?"

"அத விடு. ஒரு கையில வெல்டிங் துப்பாக்கி வச்சிருக்கான். இன்னொரு கையில முகத்துக்குத் தடுப்புப் பலகை. கரண்ட் வேலை வந்தா எந்தக் கையால செய்வான்?"

"துப்பாக்கி மட்டும் வச்சுக்கட்டும். பலகை எதுக்கு? இன்னொரு கை சும்மா இருந்தா எல்லாத்துக்கும் ஆகும்."

அட! எனக்கு இது தோன்றவே இல்லையே!

"சரி, அவன் சண்டை போடற ஆளா இருக்கணுமா, சண்டை வந்தா தப்பிக்கிற ஆளா இருக்கணுமா?"

"தப்பிக்கிற ஆளு. உங்கள மாதிரி."

"கடைசியா ஒண்ணு. அவனே முடிவெடுக்கிற வேலைன்னா சாதாரண சம்பளம். மேல ஒருத்தர் சொல்றபடி கேட்டா ரெண்டு மடங்கு. எது எடுக்கலாம்?"

அவள் ஒரு பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தாள். "ரெண்டு மடங்க யாராவது வேணாம்பாங்களா? சொன்னதக் கேக்கறதுல அவருக்கு என்ன குறைஞ்சிடும்? பழக்கம் இருக்கும் இல்ல?"

"இருக்கும், இருக்கும்" என்று எழுந்து ஓடினேன். ஒரு மண்ணும் தெரியாமல் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டாளே! அப்பாவி! அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

மூன்று முடிவுகளையும் டாக்டரிடம் சொன்னேன்.

"கட்டளை வீரனா? நல்லா யோசிச்சீங்களா சார்?"

"தீர யோசிச்சு எடுத்த முடிவு."

"அப்ப சரி. தளபதியா ஒரு புது ஆள் வராங்க. ரொம்பக் கெட்டிக்காரங்க."

"வரட்டும் சார். எங்க வீட்டுக் கட்டளைக்கு முன்னாடி இதெல்லாம் தூசு."

சனிக்கிழமை, ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று வீட்டில் ஒரு பொய்யை நிறுத்தினேன். "பாத்துப் போய்ட்டு வாங்க" என்றாள். மச்சான் பேச்சே எடுக்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டைகூட எடுத்து வைத்திருந்தாள்.

மாடியில் மேசையைச் சுற்றி ஏற்கெனவே ரெண்டு பேர். ஒருவர் பேங்க் கேஷியர். விளையாட்டில் திருடன். மனுஷனுக்கு எத்தனை நாள் ஆசையோ. இன்னொருவர் யோகா டீச்சர், ராட்சசி. தளபதி நாற்காலி காலியாக இருந்தது. மணி அடித்தது. டாக்டர் போய்க் கதவைத் திறந்தார்.

என் மனைவி.

"லிஃப்ட் சரியாயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே தளபதி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீ... எப்படி..."

"திங்கக்கிழமை பல்லக் காட்டப் போனேன். 'உங்க வீட்டுக்காரர் வராரே, நீங்க வரலயா'ன்னு டாக்டர் கேட்டார். நீங்க வேலைக்குப் போனப்புறம் அந்தப் புத்தகத்த நானும் படிச்சேன். பொடி எழுத்தெல்லாம்."

"அப்ப அந்த வெல்டிங் ஆளு..."

"நூத்தி முப்பது கிலோ ஆளா? பாவம், கஷ்டப்பட்டுப் பொய் சொல்றீங்களேன்னு விட்டுட்டேன்."

கேஷியர் சிரிப்பை அடக்கிக் கூரையைப் பார்த்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஒரே ஒரு சாயங்காலம். நான் சொல்றது நடக்கணும்னு நினைச்சேன். அது தப்பா?"

"யார் தப்புன்னா? அண்ணன் கார் கதையக் கேட்டுக் கேட்டு எனக்கும்தான் காது புளிச்சுப்போச்சு. நேரா வந்து கேட்டிருந்தா தன்னிச்சை வீரன எடுங்கன்னு சொல்லியிருப்பேன்."

"டாக்டர், மாத்திக்கலாமா?"

"மாத்த முடியாது சார்."

கதை தொடங்கியது. குகை. உள்ளே இரும்புக் கதவு. நான் துள்ளி எழுந்தேன். "கதவ உடைக்கிறேன்!"

"தளபதி சொல்லலயே சார்" என்றார் டாக்டர்.

திரும்பிப் பார்த்தேன். அவள் அவசரமே படவில்லை. "முதல்ல காத வச்சுக் கேளுங்க" என்றாள். பகடையை உருட்டினேன். பலம் ரெண்டு மடங்கு. கதவுக்குப் பின்னால் பூதம் மூச்சு விடுவது தெளிவாகக் கேட்டது. உடைத்திருந்தால் அத்தனை பேரும் அதன் வயிற்றில். யோகா டீச்சர் கை தட்டினார். "தளபதி இருந்ததால பிழைச்சோம்" என்றார் கேஷியர். காது வைத்துக் கேட்டது நான். அதை யாரும் சொல்லவில்லை.

எல்லோரும் அடுத்த கட்டளைக்குக் காத்திருந்தார்கள். அவள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "என்னங்க, அந்த நாற்காலிய இந்தப் பக்கம் இழுத்துப் போடுங்க" என்றாள்.

அது குகைக்குள் இருக்கும் நாற்காலியா, டாக்டர் வீட்டு நாற்காலியா என்று எனக்குப் புரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பகடையையும் உருட்டிவிட்டு, நாற்காலியையும் இழுத்துப் போட்டேன்.