சேமிப்பு ஒப்பீட்டுக் குழுவின் பதினேழாவது கூட்டம்

இந்தியத் துணைக்கண்டத்தின் மிக நேர்மையான குழு, அபிராமபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரின் முதல் மாடியில் கூடிவந்தது. அதற்குக் கூட்டக் குறிப்பு எழுதிய வரவேற்பாளர் ஏஞ்சலுக்கு இதில் சந்தேகமே இல்லை. பதினாறு கூட்டங்களிலும் ஒருவர்கூட அவசரப்பட்டு முடிவெடுக்கவில்லை.

கேள்வி ஒன்றுதான். நோயாளிகளின் ஸ்கேன் படங்களை எங்கே சேமித்து வைப்பது? எல்லாக் கணினிகளும் பகிர்ந்துகொள்ளும் சின்னப் பெட்டியிலா? தனி வலைப்பின்னலோடு வரும் ஆளுயர அலமாரியிலா? மாதச் சந்தா கிளவுடிலா? மூன்றும் ஆளுக்கு ஒரு மாதம் என்று இலவசச் சோதனைக்குக் கிடைத்தன.

"நகல் எடுத்து வெச்சா அது சோதனையே இல்ல," என்றார் மேலாளர் சித்தார்த்தன். "இருக்கறதை அப்படியே தூக்கி வைக்கணும். பயம் இருந்தாத்தான் மார்க் சரியா வரும்."

படங்கள் கிளவுடுக்குப் போயின. அங்கிருந்து அலமாரிக்கு. அலமாரியிலிருந்து பெட்டிக்கு. மாதம் முடிந்ததும் பெட்டிக்காரர் ஜவஹர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். குழு 'மதிப்பீட்டுக் கட்டத்தில்' நுழைந்தது.

பதினேழாவது கூட்டத்தன்று, பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் கெங்கம்மா வந்தாள்.

"போன வருசத்து வயித்து ஸ்கேனைக் குடும்மா. கட்டி வளந்துகீதான்னு பாக்கணுமாம். வளந்திருந்தா கத்தி, இல்லாங்காட்டி மாத்திரை. நாளைக்கே வேணுமாம் டாக்டருக்கு."

ஏஞ்சல் தேடினாள். இல்லை. கூட்ட அறைக்குள் போய்ச் சொன்னாள்.

"இப்ப வேகம் பத்திப் பேசிட்டிருக்கோம், ஏஞ்சல். அவங்களைப் புது ஸ்கேன் எடுத்துக்கச் சொல்லுங்க," என்றார் சித்தார்த்தன்.

"புச்சு என் கையில கீதே!" கெங்கம்மா பின்னாலேயே வந்துவிட்டாள். "பழசோட ஒப்பிடணும் நைனா. நீங்கள்லாம் இன்னா பண்ணிக்கினு கீறீங்கோ?"

"ஒப்பிடறோம்மா," என்றார் சித்தார்த்தன் பெருமிதத்தோடு.

ஏஞ்சல் ஜவஹருக்குப் போன் செய்தாள்.

"அந்தப் பெட்டியா மேடம்? பாண்டி பஜார்ல ஒரு புடவைக் கடையில டெமோ ஓடுது. பழசை அழிச்சிடச் சொன்னேன். அழிச்சிருப்பாங்க."

இருவரும் ஆட்டோ பிடித்தார்கள்.

"புடவைக் கடைல என் வயிறா!" தேனாம்பேட்டை சிக்னல்வரை கெங்கம்மா இதையே சொன்னாள்.

கடையின் மூன்றாவது மாடியில் கணினி பார்க்கும் பவுல்சாமி எழுந்து நின்றார்.

"அழிக்கலைங்க. யாரோட வயிறோ, தேடி வருவாங்கன்னு தனியா வெச்சேன். ரெண்டு நகல் இருக்கு. பேர் வரிசையில அடுக்கிட்டேன்."

முகூர்த்தப் பட்டுக்கு அடுத்த ஃபோல்டரில் கெங்கம்மா இருந்தாள். ஒரு நிமிடத்தில் பென் டிரைவில் ஏறினாள்.

"நல்லா இருப்பே நைனா. இதுக்கு மீட்டிங் எதுனா போட்டியா?"

"இல்லீங்களே."

"அதான்."

"மிச்சப் பேரையும் எடுத்துட்டுப் போறீங்களா மேடம்?" என்றார் பவுல்சாமி.

"எங்கே வைக்கறதுன்னு இன்னும் முடிவாகலை," என்றாள் ஏஞ்சல்.

"அப்ப இங்கேயே இருக்கட்டும்."

மறுநாள் ராயப்பேட்டை டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கட்டி அப்படியே இருந்தது. மாத்திரை போதும் என்றார்.

செய்தி கேட்டுக் குழு கைதட்டியது. 'மீட்பு நேரம்: ஐம்பது நிமிடம், போக்குவரத்து உட்பட' என்று சாதனையாகப் பதிவானது. இறுதி அறிக்கையில் ஒரே ஒரு கட்டம் பாக்கி: 'நோயாளியின் படம் எங்கே பத்திரமாக இருக்கும்?'

"அதை நீங்களே எழுதிடுங்க ஏஞ்சல்," என்றார் சித்தார்த்தன். "ஏகமனதுன்னு போட்டுக்கலாம்."

ஏஞ்சல் எழுதினாள்: 'நம்மிடம் தவிர, எங்கு வேண்டுமானாலும்.'