நீலத் திருக்கையில் கில்பட்டின் பாட்டு

இனிமேல் வாயை மூடிக்கொண்டிருப்பதில்லை என்று கில்பட் முடிவெடுத்தார். வீட்டில் அல்ல. வீட்டில் வாய் திறக்கிற யோசனை கல்யாணமான மறுவாரமே அவரை விட்டுப் போய்விட்டது. அவர் நினைத்தது பாட்டை.

கில்பட் கற்பிட்டியில் மீன்பிடி வள்ள எஞ்சின் திருத்துகிறவர். தனக்கு நல்ல குரல் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. மாதா கோயில் பாடகர் குழுவை நடத்துகிற அவர் மனைவி ஜெசிந்தாவுக்கு அந்த நம்பிக்கை இல்லை.

"நீங்க பின்வரிசையில நிண்டு வாயை மட்டும் அசையுங்க. சத்தம் வேணாம்" என்று சொல்லிவிட்டாள்.

பல வருஷமாக அசைத்தார். பாட்டு முடிந்தது தெரியாமல், சாமியார் பிரசங்கம் வைக்கும்போதும் அசைத்திருக்கிறார்.

அந்த நேரத்தில்தான் கடற்கரையில் 'நீலத் திருக்கை' திறந்தது. பட்டம் கட்டிக்கொண்டு கடலில் சறுக்க வருகிற வெள்ளைக்காரர்களை நம்பி, சிலாபத்து அன்ரன் போட்ட பப். ஓலைக் கூரை, மணலில் மேசை, தட்டு நிறைய இறால், நண்டு. சனிக்கிழமை பொழுது சாயும்போது பைலா ஆட்டப்பாட்டுக் கோஷ்டி வரும். இடையில் விரும்பின ஆள் மேடையேறி ஒரு பாட்டுப் பாடலாம்.

கில்பட் போகவேண்டும். ஜெசிந்தா வரக்கூடாது. அவள் முன்னால் இருந்து ஒரு பார்வை பார்த்தால் போதும், பல்லவியிலேயே தொண்டை கட்டிவிடும்.

"அன்ரன்ட கடையில ஜெனரேற்றர் ஒண்டு இருக்குது" என்று ஆரம்பித்தார். "பாட்டு நேரத்தில பக்கத்தில ஆள் இல்லாட்டி நிண்டு போகுதாம். சனிக்கிழமையில என்னை வந்து பாக்கச் சொல்றான்."

"அப்ப நானும் வரட்டே? பாட்டுக் கேக்கலாம்."

"ஐயோ, அது பொம்பிளையள் போற இடமே? சாப்பாடு வாயில வைக்க ஏலாது. எந்த நேரமும் பைட்!"

குடிக்கிறவர்கள் கொறிக்கிற பொரியல் வகைக்கு அங்கே பைட் என்று பெயர். உண்மை தானாக வழுக்கி வந்துவிட்டது. ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள்.

"பைட்டோ?"

"ஃபைட்! அடிபிடி. கதிரையால அடிக்கிறாங்கள்."

"மாதாவே! அப்பிடியான இடத்தில நீங்க ஒண்டும் சாப்பிட வேணாம். நான் சோறு கட்டித் தாறன்."

அன்று தொடங்கி, சனிக்கிழமை வந்தால் கில்பட் எண்ணெய்ச் சட்டை போட்டுக்கொண்டு, சோற்றுப் பார்சலோடு இறங்குவார். மீன் வாடிக்குப் பின்னால் நின்று பூப்போட்ட சட்டைக்கு மாறுவார். சோற்றை எறிய மனம் வராது. அதையும் தின்று, அன்ரன் கடை இறாலையும் தின்று, பெருமூச்சு விட்டுக்கொண்டு பைலா கேட்பார். ஜெனரேற்றர் எந்தப் பக்கம் இருக்கிறதென்றே அவருக்குத் தெரியாது. புத்தம் புதுசு அது. ஒரு தரம் தும்மியதுகூட இல்லை.

கடைசியில் துணிச்சல் வந்தது. "வாற சனிக்கிழமை நான் பாடப்போறன்" என்று அன்ரனிடம் பெயர் கொடுத்தார். அந்த வாரம் முழுக்க வீட்டு முற்றத்தில் எஞ்சினை முடுக்கிவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் பாடிப் பழகினார். எஞ்சின் நின்றபோதும் பாட்டு நிற்காததை அவர் கவனிக்கவில்லை. பக்கத்து வீட்டில் எல்லாருக்கும் சொற்கள் பாடமாகிவிட்டன.

ஜெசிந்தா வேறொன்றைக் கவனித்தாள். ஜெனரேற்றரோடு மல்லுக்கட்டிய சட்டை, போன மடிப்பிலேயே திரும்பி வருகிறது. புது எண்ணெய் ஒரு பொட்டில்லை. ஆளுடைய மீசையில் மட்டும் வதக்கின வெங்காயமும் சோஸும் மணக்கிறது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்தபோதே கில்பட் பயந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை பூச்சட்டையோடு போய் நின்றவரின் இரண்டு கையையும் அன்ரன் ஓடிவந்து பிடித்தான்.

"அண்ணே, உங்களைப் போல மனுசனை நான் கண்டதில்ல. நேத்து அக்கா வந்து எல்லாம் சொன்னா."

"என்... என்ன சொன்னா?"

"எங்கட ஜெனரேற்றர் எப்ப வேணுமெண்டாலும் நிக்குமாமே! நீங்கதான் எங்களுக்கும் சொல்லாம, சம்பளமும் கேக்காம, பாத்துக்கொண்டு வாறீங்களாம். எனக்குத் தெரியாமப் போச்சு!"

"அது கிடக்கட்டும். நான் இண்டைக்குப் பாட..."

"அதையும் சொன்னா. ஒரு வேகத்தில பேர் குடுத்திட்டீங்களாம், இப்ப உள்ளுக்குள்ள நடுக்கமாம். பயப்படாதீங்க அண்ணே, பேரை வெட்டிப்போட்டன்."

கில்பட் வாய் திறக்கப் பார்த்தார். முதல் மேசையில் ஜெசிந்தா தங்கச்சியோடு இருந்தாள். முன்னால் ஒரு முழு நண்டு. அவரைக் கண்டதும் நண்டுக் காலைத் தூக்கி அன்பாக ஆட்டினாள். ஜெனரேற்றர் பொய் என்று அன்ரனிடம் சொன்னால், அது அவளிடம் சொன்னதும் ஆகும்.

சமையல் குசினிக்குப் பின்னால் அவருக்கென்று கதிரை போட்டிருந்தார்கள். ஜெனரேற்றரை முதல் முதலாகப் பார்த்தார். நன்றாகவே ஓடியது. பாட்டுப் பாட வந்தவர் பாடு அதற்குப் பக்கத்தில் என்றாகிவிட்டது. சுவிட்சை அணைத்துவிடலாமா என்று ஒரு கணம் கை போனது. நின்றால், காவல் இருந்த ஆள் என்ன செய்தார் என்று கேட்பார்களே. கையை எடுத்துக்கொண்டார்.

அப்போது மேடையில் அவருடைய பாட்டு ஆரம்பித்தது. அவர் பழகின அதே பாட்டு. பாடியது ஜெசிந்தா. வெள்ளைக்காரர்கள் மேசையில் தாளம் போட்டார்கள். ஒரு சொல் பிசகவில்லை, ஒரு இடத்தில் குரல் சறுக்கவில்லை. நன்றாகத்தான் பாடினாள். அவரை அதுதான் கூடுதலாக வருத்தியது.

கைதட்டல் ஓயுமுன்னே அன்ரன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அண்ணே, அக்கா இனிக் கிழமைக்குக் கிழமை வந்து பாட ஒத்துக்கொண்டா!"

"ஓம்... நல்லம்" என்றார் கில்பட்.

"ஒரே ஒரு கண்டிசன்தான் போட்டவ. ஜெனரேற்றருக்கு வேற ஆள் வைக்கக் கூடாதாம்."