கிளியனூர் மாமாவும் உலக நேரமும்

நேர்மையாக இருப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கூடவே கொஞ்சம் அறிவும் இருந்தாக வேண்டும். இருபத்து நாலு வயதில் என்னிடம் நேர்மை மட்டும் ஏராளமாக இருந்தது.

அப்போது திண்டிவனத்தில் கேபிள் வழியே இன்டர்நெட் கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. கம்பம் ஏறி வயர் இழுப்பது போக, போலீஸ் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும் என் தலையில்தான் விழுந்தது (டைப்பிங் ஹையர் பாஸ் செய்த பாவம்).

ஒருநாள் விழுப்புரத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒரு டீச்சரின் படத்தைப் போட்டு, அவர் பெயரிலேயே யாரோ போலிக் கணக்கு தொடங்கி, மாணவர்களின் பெற்றோருக்கு அசிங்கமாக எழுதிக்கொண்டிருந்தான். விஷயம் தெளியும்வரை வர வேண்டாம் என்று பள்ளி நிர்வாகம் டீச்சரை வீட்டில் உட்கார வைத்துவிட்டது.

கணக்கு இருந்தது ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில். போலீஸ் அனுப்பிய முதல் கடிதத்தை அவர்கள் திருப்பிவிட்டார்களாம். அரசு மெயிலிலிருந்து வர வேண்டும், எந்தச் சட்டப் பிரிவு என்று சொல்ல வேண்டும் என்று கேட்டார்களாம். எல்லாம் சரிசெய்து மாதக்கணக்கில் காத்திருந்ததில் கிடைத்தது ஒரே ஒரு தாள். எழுதிய செய்திகளே வேண்டுமென்றால் டெல்லி வழியாக அவர்கள் நாட்டுக் கோர்ட்டுக்குப் போக வேண்டுமாம். தாளில் இருந்தது ஓர் இன்டர்நெட் முகவரி எண்ணும், தேதியும், நேரமும் மட்டும். எண் எங்கள் கம்பெனியுடையது. அந்த நேரத்தில் அது யார் வீட்டில் இருந்தது என்பதுதான் எங்களிடம் கேட்ட கேள்வி. (கரண்ட் போய் வரும்போதெல்லாம் எங்கள் எண்கள் வீடு மாறிக்கொண்டே இருக்கும்.)

தாளில் 4:40 என்று இருந்தது. அந்த விடியற்காலையில் நல்லவன் எவன் விழித்திருப்பான் என்று தீர்ப்பை எழுதிவிட்டுத்தான் பதிவேட்டையே திறந்தேன். வந்த பெயர் கிளியனூர் ஏழுமலை. என் அக்கா புருஷன்.

மறைத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். யோசித்ததற்காகவே என்மேல் எனக்குக் கோபம் வந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மாமா பெயரையே பதிலில் எழுதி, சீல் குத்தி, நானே பஸ் ஏறி விழுப்புரத்தில் எஸ்.ஐ. மேடத்திடம் கொடுத்தேன். டீச்சரும் அங்கே இருந்தார்.

"அந்த மெசேஜ் பேரன்ட்டுக்குக் காலையில பத்து மணிக்கு மேல வந்துதுன்னு சொன்னாங்களே," என்றார்.

"அது அவங்க சொல்றது டீச்சர். இது கம்பெனிக்காரனே குடுத்த பேப்பரு," என்றேன். எவ்வளவு திமிர் எனக்கு!

மறுநாள் காலை மாமா வீட்டு வாசலில் ஜீப் நின்றது. கிளியனூரே கூடி வேடிக்கை பார்த்ததாம். நான் ஸ்டேஷனுக்குப் போனபோது மாமா பெஞ்சில் வேட்டியை இழுத்து மூடிக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

"மச்சான், கிரிக்கெட் பாக்கத்தான்டா உங்கிட்ட லைன் வாங்கினேன். எங்கையில இருக்கிறது பட்டன் போனு. அந்நேரத்துக்குக் கொல்லையில மல்லாட்டைக்குத் தண்ணி கட்டிக்கினு இருந்தேன்டா!"

"சட்டம் தன் கடமையைச் செய்யும் மாமா," என்றேன். (அக்கா இன்றும் இதை நடித்துக் காட்டுவாள்.)

அன்றும் ஸ்டேஷனுக்கு வந்திருந்த டீச்சர் மட்டும் அந்தத் தாளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, நேரத்துக்குப் பக்கத்துல சின்னதா யூ.டி.சி.ன்னு போட்டிருக்குதே, என்னது?"

"அவங்க ஆபீஸ் கோடு ஏதாச்சும் இருக்குங்க."

"அது உலக நேரம். நம்ம நேரம் அதவிட அஞ்சரை மணி முன்னாடி. கூட்டிப் பாருங்க."

கூட்டினேன். பத்து பத்து.

"எட்டாங்கிளாஸ் பாடம் தம்பி. நான்தான் நடத்துறேன்," என்றவர் சற்று நிறுத்தி, "நடத்திக்கினு இருந்தேன்," என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

பத்து பத்துக்கு அந்த எண் இருந்தது ஒரு டியூஷன்காரர் வீட்டில். தன்னிடம் படித்த பிள்ளைகள் டீச்சரிடம் போய்விட்ட ஆத்திரம் என்று ஒத்துக்கொண்டார். டீச்சர் பள்ளிக்குத் திரும்பினார். மாமாதான் பல மாதங்கள், போலீஸ் எதற்கு வந்தது என்று டீக்கடையில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைத் திட்டவே இல்லை.

"உம்மேல கோவம் இல்ல மச்சான். ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருக்கலாம்," என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அவர் பழிவாங்கியது என் கல்யாணத்தில். பத்திரிகை அடிக்கும் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டார். முகூர்த்தம்: காலை 6.00 முதல் 7.30 வரை (இந்திய நேரப்படி). அதற்குப் பிறகு எங்கள் வீட்டு விசேஷப் பத்திரிகை ஒவ்வொன்றிலும் அந்த அடைப்புக்குறி உண்டு. பெண் வீட்டார் எங்களுக்கு வெளிநாட்டுச் சொந்தம் ஏராளம் என்று நம்பியிருந்தார்கள்.

போன மாதம் மகள் காதுகுத்துக்குப் பத்திரிகை அடிக்கப் போனபோது, அச்சகத்தார் அந்த 'இந்திய நேரப்படி' தேவையா என்றார். மாமாவுக்குப் போன் போட்டேன்.

"மாமா, நீங்க வேணாம்னா எடுத்துடறேன்."



"இந்தவாட்டி கேட்டியேடா," என்றார் மாமா. "போடு. பெரிய எழுத்துல போடு."