கரிபாப் தாங்கிய கஸ்தூரியின் பேருந்துப் போர்

வாழ்க! நூற்கண்டைத் தூணியாகவும் ஊசியை வேலாகவும் ஏந்தி, பள்ளிச் சீருடை என்றும் தொழிற்சாலை மேலங்கி என்றும் குவிந்த துணிமலைகளைத் தோற்றோடச் செய்தவளும், தெப்ராவ் தொழிற்பேட்டையின் உட்சாலையில் தையற்கூடம் நிறுவிக் கோலோச்சுபவளும், கோபம் வந்தால் கழுத்திலிருக்கும் அளவுநாடாவைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டே பேசுபவளுமாகிய கஸ்தூரி வாழ்க! அவள் கிழங்கு மசாலா பொதிந்து பொரித்த கரிபாப்புத் தட்டேந்திப் பொருத களத்தை உரைக்க வந்த எமக்குச் சொற்பஞ்சம் வாராதிருக்க, ஏர்கோன் குளிரில் விரல் விறைக்காதிருக்க, எத்தகைய கூட்டத்தையும் ஒருவழியாக முடித்துவைக்கும் காலதேவன் காக்க!

போரின் காரணத்தை முதலில் சொல்லிவிடுவோம். பேருந்து என்னும் இரும்புக் களிறு பெருஞ்சாலை முனைவரை பிளிறிக்கொண்டு வரும். உட்சாலையைக் கண்டதும் முகம் திருப்பிப் போய்விடும். அங்கிருந்து தையற்பெண்கள், லோரிகள் புழுதிமாரி பொழியும் வழியே வெயிலில் வெந்தும் மழையில் நனைந்தும் நடந்துவர வேண்டும். நடந்து சலித்தோர் ஒருவர்பின் ஒருவராகப் பாலம் கடந்து சிங்கப்பூர் ஏகினர். எஞ்சியோருள் காலர் தைப்பதில் நிகரற்ற ரூபினியும் ஒருநாள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

“அக்கா, நானும் அந்தப் பக்கம் போலாம்னு பாக்குறேன். அங்க கம்பெனி வேன் வாசலுக்கே வருது லா. இங்க பஸ்ஸு மட்டும் உள்ள வந்துச்சுன்னா நான் ஏன்க்கா போறேன்?”

“வரும்,” என்றாள் கஸ்தூரி. அதுவே சூளுரை ஆயிற்று.

அவ்வேளையில் மாநகர மன்றம் முரசறைந்தது: நகரின் பத்தாண்டுப் பொருளாதார வளர்ச்சித் திட்டத்தை வகுக்கத் தனியார் துறையினர் திரண்டு வருக, கருத்துத் தருக, தேநீர் உண்டு. கடைசிச் சொல் பலரை ஈர்த்தது. கஸ்தூரியோ துணி ஏற்றும் தன் வேனை அன்று ஒருநாள் மட்டும் தையற்பெண்களை ஏற்றிவர விட்டுவிட்டு, தான் பஸ்ஸேறி மண்டபம் புகுந்தாள்.

மன்றத்தின் திட்ட அதிகாரி ஷாமளா போர்விதி வகுத்தாள். ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு பலகை. ஆளுக்குச் சில சிவப்புப் பொட்டு ஸ்டிக்கர். எப்பலகை அதிகம் சிவக்கிறதோ அதுவே திட்டத்தின் முதற்பக்கம் ஏறும். அடுத்த மாதமே அதன் வேலை தொடங்கும். கஸ்தூரியின் பலகையில் ‘உட்சாலைக்குப் பேருந்து’ என்றிருந்தது. எதிர்ச்சுவரிலோ, விருந்தினர் விடுதிகள் பல உடையவரும் மடிப்புக் கலையாத சட்டையருமாகிய லூயிஸ், ஆற்றங்கரையில் வானளாவும் ராட்டினம் ஒன்றை வண்ணப்படமாகவே நாட்டியிருந்தார்.

“இடைவேளை!” என்ற பேரொலி எழுந்ததுதான் தாமதம்; அதுவரை வளர்ச்சி விகிதம் கேட்டு விழிமூடித் தவமிருந்த வணிகப் பெருமக்கள், கரைபுரண்ட காட்டாறென, கலைந்தெழுந்த தேனீக் கூட்டமென, மீஹூன் சேமியாவும் கரிபாப்பும் ஆவிபறக்கும் மேசையை முற்றுகையிட்டனர். அந்தோ, அம்மேசை ராட்டினப் பலகையின் அருகே கிடந்தது! ஒரு கையில் தட்டு, மறு கையில் கிண்ணம். விரல்நுனியில் ஒட்டிய பொட்டை எங்கேயாவது உதறியாக வேண்டும். எட்டிய தூரத்தில் இருந்த பலகையிலேயே எல்லோரும் உதறினர். ராட்டினம் செம்பருத்திக் காடாய்ச் சிவந்தது. பேருந்தோ கைம்பெண் நெற்றிபோல் வெறிச்சோடிக் கிடந்தது.

கண்டாள் கஸ்தூரி. களத்தின் மர்மம் உணர்ந்தாள். அளவுநாடாவைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கரிபாப்பு மலையைத் தட்டோடு பெயர்த்தெடுத்தாள்.

“கஸ்தூரிக்கா! தட்டத் தூக்கிட்டு எங்க போறீங்க?” என்று அலறினார் லூயிஸ்.

“இங்க ஏர்கோன் தண்ணி சொட்டுது லா, தம்பி. கரிபாப் நமுத்துப் போயிரும்.”

பொய்யென்று யாரும் பழிக்க வேண்டா; எங்கேனும் ஒரு துளி சொட்டியிருக்கும். தட்டு நகர்ந்தது, தட்டின்பின் தனியார் துறை முழுவதும் நகர்ந்தது. பேருந்துப் பலகையில் முதற்பொட்டு வீழ்ந்தது, பிறகு மாரிக்காலம்.

சினந்தார் லூயிஸ். கரிபாப்பு உண்டோர்க்குத் தாகம் எடுக்குமன்றோ எனத் தேர்ந்து, தேநீர்க் கொப்பரையைத் தம் சுவர்ப்பக்கம் கொண்டுபோகத் துணிந்தார். ஆனால் பரிசாரகர் அதனை நடுமண்டபத்தில் அன்றோ வைத்திருந்தனர்! இழுத்தார். அசையவில்லை. மீண்டும் இழுத்தார். இடுப்புத்தான் அசைந்தது.

“அலமாக்! அக்கா, ஒரு கை புடிங்களேன்.”

“புடிக்கிறேன். ஆனா அது என் பக்கம்தான் போகும்.”

“சரிக்கா, எங்கயாச்சும் போகட்டும். இப்ப விட்டா கால்ல விழுந்துரும்!”

பகைவர் இருவரும் கொப்பரையின் இரு காதுகளையும் பற்றி, பல்லக்குச் சுமப்போர்போல் அடியடியாய் நடந்து பேருந்துப் பலகையின் கீழ் இறக்கினர். மூச்சிரைத்த லூயிஸ் ஒரு கிண்ணம் தேநீர் அருந்தினார். கையிலிருந்த கடைசிப் பொட்டைப் பார்த்தார், மண்டபத்தின் மறுகோடியில் சுழலாது நின்ற தம் ராட்டினத்தைப் பார்த்தார், இடுப்பைத் தடவிக்கொண்டார்.

“அவ்ளோ தூரம் எவன் நடக்கிறது?” என்று கஸ்தூரியின் பலகையிலேயே ஒட்டினார்.

எண்ணிப் பார்த்த ஷாமளா மேடையேறி, மலாயிலும் ஆங்கிலத்திலும் முழங்கியதன் சாரம் இது: “தனியார் துறையின் நெடுநோக்கும் ஆழ்ந்த சிந்தனையும் ஒருமுகமாகப் பேருந்தையே தேர்ந்தன. அடுத்த மாதம் உட்சாலைக்குள் பேருந்து வரும்!” கரவொலி கூரையைப் பிளந்தது. கஸ்தூரி ரூபினியை அழைத்தாள். “பஸ்ஸு வருதுடி. கத்தரிக்கோல எடு.” மறுமுனையில் ரூபினி கூவிய கூவல், பாலத்திற்கு அப்பாலும் கேட்டிருக்கும்.

பின்னர்த் தொடங்கிற்று, இந்நாட்டின் எக்கூட்டமும் தப்பவியலாத குழுப்படச் சடங்கு. பிரமுகர் நடுவில் நிற்க, உயரமானோர் பின்னே போக, கட்டைவிரல்கள் உயர, கண்ணிமைத்தவர் பொருட்டு மீண்டும் உயர, கழிப்பறை சென்ற ஒருவர் பொருட்டு மறுபடியும் உயர, வெற்றித் திருமகள் முகமெங்கும் ஒளிவீச, மீண்டும் கழுத்தேறிய அளவுநாடா மாலையென அசைய, நகரின் பத்தாண்டு எதிர்காலத்தை ஒற்றைத் தட்டில் ஏந்தி வென்ற அவ்வீராங்கனை மண்டபம் நீங்கி மாலைவெயிலில் நிறுத்தம் நோக்கி நடந்தாள்.

பஸ் போய்விட்டிருந்தது, அதனால் கிராப் டாக்சி கூப்பிட்டாள்.