முந்நூற்று எண்பத்தொன்பது கிராம் கமராவும் என் ஓய்வும்

சிவமயம்

வேலணை கிழக்கு,
29.06.2025, ஞாயிற்றுக்கிழமை,
முற்பகல் 9.10.

அன்புள்ள தம்பி அப்புத்துரைக்கு,

உமது பெரிய தகப்பனாரின் மகன் கனகசபை, அம்பாளின் கருணையால் உயிருடன் இருந்து எழுதிக்கொள்வது. நீரும் இல்லத்தாரும் சுகமாயிருக்க வேண்டுமென்பதே என் விருப்பம். இரண்டு ஒழுங்கைகளுக்கு அப்பால் உமது சைக்கிள் மணி காலை ஆறு பத்துக்குத் தவறாது கேட்பதால் சுகமாகவே இருக்கிறீர் என்று கொள்கிறேன்.

நாம் கடைசியாகப் பேசியது 10.04.2011 ஞாயிற்றுக்கிழமை, உமது தந்தையாரும் என் சிறிய தகப்பனாருமாகிய அமரர் இளையதம்பி அவர்களின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியின்போது. அன்று பந்திக்கு முன் வழங்கப்பட்ட நினைவுமலரில் அவர் பிறந்த திகதி 18.02.1926 என்று அச்சாகியிருந்தது. பதிவேட்டின்படி அது 19 என்று நான் எழுந்து நின்று சொன்னேன். பிரதேச செயலகத்தில் முப்பத்தொரு வருடம் பிறப்பு இறப்புப் பதிவேடுகளோடு சீவித்தவன் நான். கண்ணில்பட்ட பிழையைக் காணாததுபோல் சோறு உண்ண எனக்கு வராது. அதற்கு நீர் சபை நடுவே, "உம்மடை செத்தவீட்டுக்கும் நான் வரமாட்டன்" என்றீர். பதினான்கு வருடம், இரண்டு மாதம், மூன்று நாள் அந்தச் சொல்லைக் காத்தீர். பின்னர் 13.06.2025 வெள்ளிக்கிழமை அதிகாலை ஐந்து நாற்பதுக்கு என் வளவுக்குள் வந்தீர். வந்தது என் செத்தவீட்டுக்கு. நான் சாகவில்லை. இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை விளக்கி, ஈற்றில் ஒரு வேண்டுகோளும் விடுக்கவே எழுதுகிறேன். களைப்பினால் கடிதம் நீண்டுவிடின் பொறுத்துக்கொள்ளும்.

எனக்கு ஓய்வு தேவையென்று முடிவுசெய்தவர்கள் லண்டனிலுள்ள மகள் தாரிகாவும் மருமகன் பிரசாந்தனும். நான் 03.09.2008 முதல் ஓய்வில்தான் இருக்கிறேன் என்று எடுத்துச் சொன்னேன். அது கணக்கில் சேராதாம்; ஓய்வென்றால் தீவொன்றுக்குப் போய் எடுக்க வேண்டுமாம். நான் பிறந்தது தீவு, படித்தது தீவு, வேலை பார்த்த ஊர்காவற்றுறையும் அதே தீவு, பெண்ணெடுத்த நயினாதீவுக்குப் போகக் குறிகட்டுவானில் வள்ளம் ஏறவேண்டும். இதற்கு மேலும் தீவு வேண்டுமானால் நெடுந்தீவு இருக்கிறதே என்றேன். "அப்பா, நெடுந்தீவிலை றெஸ்ட் எடுக்க ஏலாது. இறங்கினவுடனை ஆரின்ரை ஆக்களெண்டு விசாரிக்கத் துவங்கிவிடுவினம்" என்றாள் தாரிகா. ஆகவே நானும் இல்லாள் மீனாம்பிகையும் 01.06.2025 அன்று லண்டன் சென்று, அங்கிருந்து நால்வருமாக 08.06.2025 அன்று கிரேக்க நாட்டுத் தீவொன்றை அடைந்தோம். அத்தீவின் பெயரை மூன்று பேரிடம் கேட்டேன்; மூன்று விதமாகச் சொன்னார்கள். உறுதிப்படுத்தப்படாத ஒன்றை எழுத விரும்பாதபடியால் தீவென்றே குறிப்பிடுகிறேன்.

பிரசாந்தன் நல்ல பிள்ளை. குடியில்லை, உரத்துப் பேச்சில்லை. ஆனால் கமரா உண்டு. முன்பு பெரிய கமராக்களைச் சுமந்து தோளில் நோக்காடு வந்ததால், இனிமேல் பாரமில்லாத பயணமே செய்வதென்று புதிதாகச் சிறிய கமரா ஒன்று வாங்கியிருக்கிறார். அதைக் குசினியில் மா நிறுக்கும் தராசில் வைத்து எனக்குக் காட்டினார்: பற்றரியுடன் 389 கிராம். தலைக்கு ஒரு பை, பைக்கு ஏழு கிலோ என்று விதி செய்து, எங்கள் பொருள்களையும் அதே தராசில் ஏற்றினார். மீனாம்பிகை கொண்டுவந்த கறித்தூள் 400 கிராம், நீக்கப்பட்டது. என் பஞ்சாங்கம் 180 கிராம், நீக்கப்பட்டது. எனக்கு இரண்டு காற்சட்டையும் ஒரு வேட்டி சால்வையும் அனுமதிக்கப்பட்டன. இவ்வளவும் முடிந்தபின் கமராவின் துணைப்பொருள்கள் வெளிவந்தன. மூன்றுகால் தாங்கியை, "மாமா, உங்களுக்கு நடக்கேக்கை ஊண்டவும் உதவும்" என்று என் கையில் தந்தார். ஆறு பற்றரிகள் மீனாம்பிகையின் கைப்பைக்குள் போயின. வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பும் வட்டத் துணி ஒன்று, மடித்தால் சுளகளவு, விரித்தால் கிணற்றளவு, என் கக்கத்துக்குள் வந்தது. அதன்பின் மருமகன் கைவீசி முன்னே நடந்து, பாரமில்லாமல் போவது எவ்வளவு சுகமென்று திரும்பித் திரும்பிச் சொன்னார்.

தீவில் இறங்கியதும் எனக்கு நெஞ்சு விட்டுப்போயிற்று. ஐந்து மணி இருபது நிமிடம் கப்பலில் ஆடிப் போய்ச் சேர்ந்த இடத்தில் கல்மதில், ஆடு, உப்புக்காற்று, மதியத்தில் பூட்டிய கடை, நேரத்துக்கு வராத பஸ். வித்தியாசம் என்று சொல்வதானால் பனை இல்லை, வீட்டுக்கெல்லாம் வெள்ளை பூசியிருந்தார்கள். ஓய்வின் நேரசூசி பின்வருமாறு அமைந்தது. காலை நான்கு ஐம்பதுக்கு எழும்புதல், ஏனெனில் சூரியன் உதிக்கும் வெளிச்சம் நல்லதாம். பகலில் வெளிச்சம் கூடாதாம். ஆகவே பகல் முழுவதும் மாலை எங்கே நிற்பதென்று இடம் தேடி நடத்தல். சூரியன் அங்கே இரவு எட்டே முக்காலுக்குத்தான் விழும், அதுவரை நிற்றல். படத்தில் ஓர் ஆள் நின்றால்தான் கட்டடத்தின் உயரம் விளங்குமென்று அந்த ஆளாக என்னை நியமித்தார்கள். நான்கு நாளில் பதினேழு கதவுகளுக்கு முன் நின்றேன். ஒன்றுக்குள்ளும் போகவில்லை. மீனாம்பிகை கடற்கரைக் கதிரையில் சாய்ந்து, யோகர்ட்டில் தேன்விட்டு உண்டு, இப்படியொரு இடம் இருக்கிறதென்று முன்னமே சொல்லவில்லையே என்று என்மேல் குறைப்பட்டாள்.

இனி 12.06.2025 வியாழக்கிழமைக்கு வருகிறேன். அன்று பிற்பகல் பாறையில் வழுக்கி என் இரண்டாவது காற்சட்டையும் கடலில் நனைந்தது; முதலாவது முந்தியநாளே நனைந்து, உப்புப் பூத்துத் தடியாக நின்றது. எஞ்சியது வேட்டி சால்வை. உடுத்தேன், உடுத்தபின் நெற்றி வெறுமையாக இருக்கக் கூடாதென்று திருநீறும் பூசினேன். மருமகன் என்னைக் கண்டதும் கண் கலங்கியவர்போல் நின்று, ஒரு வெள்ளைச் சுவருக்கு முன் கொண்டுபோய் நிறுத்தினார்.

"சிரிக்காதேங்கோ மாமா. அப்பிடியே தூரத்திலை எங்கையோ பாருங்கோ."

"எங்கை பாக்கிறது?"

"எல்லாம் முடிஞ்ச மாதிரி ஒரு பார்வை."

எனக்கு உண்மையிலேயே முடிந்திருந்தபடியால் பார்வை தானாக வந்தது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, சுற்றிவர மெல்லிய கரையும் இட்டு, அங்கே இரவு ஒன்பது நாற்பத்திரண்டுக்குக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டார். கீழே ஒரு சொல்லும் எழுதவில்லை. நல்ல படத்துக்கு விளக்கம் வேண்டாமாம். தம்பி, எங்கள் சனத்தில் வயதுபோன ஒருவர் வேட்டி சால்வையோடும் திருநீறோடும், கறுப்பு வெள்ளையில், கரை போட்டு, தனியே, சிரிக்காமல், எதற்காகக் குழுவுக்குள் வருவார் என்பதை உமக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மருமகனுக்கோ லண்டனில் பிறந்ததால் தமிழ் வாசிக்கத் தெரியாது. பத்து நிமிடத்துக்குள் கனடாவிலிருந்தும் பாரிசிலிருந்தும் தமிழ் வரிகளும் கூப்பிய கைகளும் வரிசையாக வந்து விழுந்தன. "மாமா, எல்லாருக்கும் படம் நல்லாப் பிடிச்சிட்டுது, கும்பிடீனம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு மகிழ்ச்சியோடு படுக்கப் போனார். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பாய்மர வள்ளமொன்றில் நாள் முழுவதும் சுற்றுவதாக ஏற்பாடு. முழு ஓய்வு வேண்டுமென்று தாரிகா அன்றிரவே நான்கு தொலைபேசிகளையும் பறித்து அறையிலுள்ள அலுமாரியில் பூட்டிவிட்டாள்.

மாலை ஏழரைக்குத் திரும்பி வந்து திறந்தால் நூற்று நாற்பத்துமூன்று அழைப்புகள். முதலில் தங்கை யோகம்மாவுக்கு எடுத்தேன்.

"ஆர் கதைக்கிறது?"

"நான்தான், அண்ணை."

"அண்ணை மோசம் போயிட்டார். நீங்கள் ஆர்?"

என்ன சொல்லியும் நம்பாததால், அவளுடைய கலியாணம் 06.09.1979 வியாழக்கிழமை என்றும், முகூர்த்தம் பதினொன்று பத்துக்கு என்றும், ஐயர் இருபது நிமிடம் பிந்தி வந்தார் என்றும் சொன்னேன். பிறகு பக்கத்தில் நின்ற யாருக்கோ, "ஐயோ, உது அவர்தான்" என்று சொல்லி, செத்ததற்கு அழுததைவிடப் பெரிதாக அழுதாள். வேலணை நேரப்படி நான் மொத்தம் இருபத்தொரு மணி நாற்பத்தெட்டு நிமிடம் இறந்திருக்கிறேன். அதற்குள் முற்றத்தில் தகரப்பந்தல் போட்டு, கதிரை இறக்கி, ஒழுங்கை முகப்பில் என் படத்தோடு கண்ணீர் அஞ்சலிப் பதாகையும் கட்டியாகிவிட்டது. இவையெல்லாவற்றையும் முன்னின்று செய்தவர் நீர் என்று யோகம்மா சொன்னாள். என் பிறந்த திகதியை யாரிடமும் கேளாமல் 03.09.1948 என்று நீரே எழுதிக் கொடுத்தீராம். லண்டனுக்கு முப்பத்தாறு தடவை எடுத்துப் பார்த்தீராம். ஆட்கள் குறைந்த ஒரு நேரம், பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, "திகதி பிழையெண்டு சொல்ல இனி ஆர் இருக்கினம்" என்றீராம். இதைச் சொல்லும்போது யோகம்மாவின் குரல் சரியில்லை. எனக்கும் அந்த இடத்தில் இணைப்புத் தெளிவாக இருக்கவில்லை.

ஆனால் நான் உயிருடன் இருப்பது உறுதியானதும் குடையை எடுத்துக்கொண்டு இரவு பத்து ஐந்துக்கு வெளியேறினீர். "நான் செத்தவீட்டுக்கு வந்தனான். உயிரோடை இருக்கிற ஆளோடை எனக்கு ஒரு கதையும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனீராம். 24.06.2025 அன்று ஊருக்கு வந்தேன். இன்று ஐந்து நாள். ஊரில் எல்லாரும் வந்து என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். நீர் வரவில்லை.

பதாகையை இன்னும் அவிழ்க்கவில்லை. அதில் நான் இறந்த திகதி 13.06.2025 வெள்ளிக்கிழமை என்றிருக்கிறது. படம் அனுப்பப்பட்டதோ 12ஆம் திகதி வியாழக்கிழமை. நான் அங்கேயே நின்றவன், எனக்குத் தெரியும். நேற்று மாலை கறுப்புப் பேனையும் ஸ்ரூலும் கொண்டுபோய், ஏறி, மூன்றை இரண்டாக மாற்றக் கை ஓங்கினேன். அப்போதுதான் நேரக் கணக்கு நினைவுக்கு வந்தது. அங்கே வியாழன் இரவு ஒன்பது நாற்பத்திரண்டு என்றால் இங்கே வெள்ளி பிறந்து பன்னிரண்டு நிமிடம். நின்ற இடத்தில் நின்று பார்த்தால் இரண்டு திகதியும் சரி. பேனையை மூடிக்கொண்டு இறங்கினேன். இவ்விடயத்தில் உம்மில் பிழையில்லை என்பதை இதன்மூலம் எழுத்தில் ஏற்றுக்கொள்கிறேன்.

அத்தோடு, 2011இல் நினைவுமலரில் நீர் விட்ட திகதிப் பிழையையும் முழுமனதோடு மன்னிக்கிறேன். 19 என்பதை நீர் ஒப்புக்கொள்ளவேண்டுமென்று இனி வற்புறுத்தமாட்டேன். என் சாவுக்கு வந்த நீர் எனக்கு வரக்கூடாதென்று விதி ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. எனவே 06.07.2025 ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு நீர் என் வீட்டுக்குத் தேநீருக்கு வரவேண்டும். நான் இனி எந்தத் தீவுக்கும் போகிறவனில்லை. எப்போதும் வீட்டில் இருப்பேன்.

உமது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மீனாம்பிகையின் அன்பும் என் ஆசியும். எல்லாருக்கும் நீண்ட ஆயுளும், அதில் தலையிடாத மருமக்களும் வாய்க்கட்டும்.

இங்ஙனம்,
உமது அண்ணன்,
க. கனகசபை

பி.கு.: 19 என்பதற்குச் சான்றாக இணைத்துவிடலாமென்று, கடிதத்தை முடித்தபின் என் தகப்பனாரின் குறிப்புப் புத்தகத்தை அலுமாரியிலிருந்து எடுத்தேன். தன் தம்பி இளையதம்பி பிறந்ததை அவர் எழுதிவைத்திருக்கிறார்: குரோதன வருடம், மாசி மாதம் 7ஆம் நாள், வியாழக்கிழமை, உதயத்திலிருந்து நாழிகை ஐம்பத்தொன்று. கணக்குப் பார்த்தேன், பின்னிரவு இரண்டு நாற்பத்தொன்பது. பதிவேட்டுக்கு நள்ளிரவோடு 19 பிறந்துவிட்டது. சூரியன் உதிக்கும்வரை எங்கள் வீட்டுக்கு அது வியாழக்கிழமை, 18. உமது தகப்பனார் எந்நாளும் தன் பிறந்தநாளென்று சொல்லிவந்ததை நீர் அச்சிட்டீர். பதிவேட்டில் நேரம் எழுதும் கட்டமொன்றும் உண்டு. முப்பத்தொரு வருடத்தில் நான் அதை எத்தனையோ பேருக்கு நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் அதைப் பாராமல் எழுந்து நின்றேன்.

ஆகவே இக்கடிதத்தைப் பின்வரும் திருத்தங்களோடு வாசிக்கவும். "திகதிப் பிழையையும் முழுமனதோடு மன்னிக்கிறேன்" என்பதை வெட்டி, "என்னை மன்னிக்கவும்" என்று கொள்ளவும். "நீர் என் வீட்டுக்குத் தேநீருக்கு வரவேண்டும்" என்பதை வெட்டி, "நான் உமது வீட்டுக்குத் தேநீருக்கு வரலாமா" என்று கொள்ளவும். கிழமையிலும் நேரத்திலும் மாற்றமில்லை. சபையில் செய்த பிழை சபையில் திருத்தப்பட வேண்டியதாகையால், தபாலில் இடாமல், உறையை ஒட்டாமல், யோகம்மாவின் கையில் கொடுத்தனுப்புகிறேன். உமது படலைக்கு வருமுன் அவள் இதை ஐந்து வீட்டிலாவது வாசித்துக் காட்டியிருப்பாள்.