லண்டனிலிருந்து வரவேண்டிய நம்பர்

“வெட்டட்டோ?” என்று தம்பிஐயா கேட்டபோது கத்தரிக்கோல் ஏற்கெனவே பாதித் தூரம் போயிருந்தது.

“வெட்டாதேங்கோ!” என்று கமலாவதி குசினியிலிருந்து ஓடிவருவதற்குள் மீதித் தூரமும் போய்விட்டது.

வெட்டுப்பட்டது மனைவி கமலாவதியின் சிம். அவளுடைய பழைய பட்டன் போனுக்கு அது அளவாக இருந்தது. லண்டனில் இருக்கும் மகள் சுபாஜினி, கோயில் திருவிழாவுக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்ட புதுப் போனுக்கோ நகத்தளவு சிம்தான் வேண்டுமாம். “அம்மா பிள்ளைப்பேறு பாக்க வரேக்கை இதைக் கொண்டு வரட்டும்” என்று சொல்லி அனுப்பியிருந்தாள். கொண்டுபோகும் பொருளைப் போட்டுப் பார்க்காமல் கொண்டுபோவதா? முப்பது வருசம் கப்பல் இயந்திர அறையில் வேலை செய்த மனிதருக்கு அது ஆகாத காரியம்.

வெட்டிய சிம்மைப் புதுப் போனுக்குள் தள்ளினார். இந்தச் சிம் செல்லாது என்று திரை ஆங்கிலத்தில் சொன்னது. எடுத்துப் பழைய போனில் போட்டார். அங்கே அது கழன்று விழுந்தது. ஒட்டுநாடா சுற்றித் திணித்தார். இப்போது வெளியே வர மறுத்தது. ஊசியால் கிண்டினார். பழைய போன் ஒருமுறை மினுங்கிவிட்டு அணைந்துபோனது.

“ஒரு பின்னேரத்துக்குள்ளை ரெண்டு போனையும் படுக்கப் போட்டிட்டியள்” என்றாள் கமலாவதி.

“நல்ல காலம் இப்ப கண்டுபிடிச்சன். எங்கடை சிம்மையே ஏற்காத போன், லண்டன் சிம்மை ஏற்குமோ? நீ அங்கை போய் இறங்கி, கையிலை கட்டையை வைச்சுக்கொண்டு நிண்டிருப்பாய்.”

தம்பிஐயாவின் பயம் அதுதான். உலகத்துத் துறைமுகங்கள் பாதிக்கு வழி சொல்லக்கூடியவர் அவர். பொலிகண்டியில் இருக்கும் சொந்த வீட்டுக் குசினியில் சீனிப் போத்தல் எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியாது. கமலாவதி கோயிலுக்குப் போனால்கூட, தேர் இருப்பிடத்தைவிட்டு வெளிக்கிடுவதற்குள் நாலு தரம் போன் அடித்துவிடுவார். காஸ் எந்தப் பக்கம் திருப்புவது, பிரசர்க் குளிசை சாப்பாட்டுக்கு முன்னமா பின்னமா, ஆட்டுக்குக் குழை வைத்தாயிற்றா என்று கேள்விக்குப் பஞ்சமில்லை. இப்போது அவள் மூன்று மாதத்துக்குப் போகப்போகிறாள். இருவரும் சேர்ந்து விசா கேட்டால் திரும்பி வரமாட்டார்கள் என்று விசா கொடுப்பவர்கள் நினைப்பார்கள் என்று யாரோ சொன்னதால் அவர் கேட்கவேயில்லை. உண்மையைச் சொன்னால் சீனியும் காஸும் வெறும் சாட்டு. அவள் குரல் கேட்காமல் ஒரு பகலைக் கடத்த அவருக்குத் தெரியாது.

மறுநாள் இருவரும் நெல்லியடியில் பிரவீணனின் போன் கடைக்குப் போனார்கள். பிரவீணன் நாற்பது வயதுக்காரன், அமைதியானவன். புதுப் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“லண்டன் கொம்பனிப் போன் அண்ணை. தங்கடை சிம்மைத் தவிர வேறை எதையும் எடுக்காதபடி பூட்டிவிட்டிருக்கிறாங்கள். நீங்கள் இதை எங்கை பாவிக்க…”

“எங்கை பாவிச்சால் என்ன தம்பி, பூட்டு எண்டால் பூட்டுத்தானே! திறந்து விடு. மனிசி வெளிநாடு போறா. கப்பலிலை ஒருக்கால் இப்பிடித்தான் ஒரு கதவு…”

கதவின் கதை நீளமானது என்பது கமலாவதிக்குத் தெரியும். “இஞ்சருங்கோ, சந்தையிலை நாலு முருங்கைக்காய் வாங்கி வாங்கோ. நான் தம்பியோடை கதைக்கிறன்” என்றாள்.

தம்பிஐயா போய் வாங்கி வந்தார். முருங்கைக்காய் நாலும் முற்றிக் காய்ந்து, அடுப்பு எரிக்கத்தான் உதவும் போலிருந்தன. கமலாவதி அவற்றைப் பார்த்தாள். பிறகு பிரவீணனைப் பார்த்தாள். பிரவீணன் தலையைக் குனிந்து மேசையைத் துடைத்தான்.

“திறக்கிற நம்பர் லண்டனிலை இருந்து வரவேணும் அண்ணை. கொஞ்சம் நாள் செல்லும். ரெண்டு போனும் இஞ்சை கிடக்கட்டும்.”

“சுபாவிட்டை ஒரு சொல்லுக் கேப்பமோ?” என்றார் தம்பிஐயா, பஸ்ஸில்.

“வேண்டாம். வயித்துப்பிள்ளையோடை இருக்கிறவள், வீணா யோசிப்பாள்.”

அதற்குப் பிறகுதான் கமலாவதிக்கு வெளிவேலைகள் கூடின. முதலில் சந்நிதி கோயிலில் ஒரு நேர்த்திக்கடன்.

“அப்ப சாப்பாடு?” என்று கேட்டார் தம்பிஐயா.

“அரிசி இருக்கு. மரக்கறி கூடைக்குள்ளை கிடக்கு. நான் வர நேரம் செல்லும்.”

இத்தனை வருசத்தில் மூடி வைத்த சாப்பாடு இல்லாமல் அவள் படி தாண்டியதில்லை. பயணம் போகிற யோசனை, பாவம், என்று தம்பிஐயா நினைத்துக்கொண்டார். பசி வந்ததும் பழக்கத்தில் தன் போனை எடுத்து அவள் நம்பருக்கு அடித்தார். தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண் மூன்று மொழியில் சொன்னாள். மூன்று மொழியிலும் அவளுக்குச் சீனிப் போத்தல் இருக்கும் இடம் தெரியாது. வெறும் பாண் ரொட்டியைக் கடித்துக்கொண்டு சைக்கிளை நெல்லியடிக்கு மிதித்தார்.

“நம்பர் வந்திட்டுதோ தம்பி?”

“சாப்பிட்டியளோ அண்ணை?”

“பாண். அவ கோயிலுக்குப் போயிட்டா.”

பிரவீணனின் முகம் வாடியது. “இன்னும் வரேல்லை அண்ணை.”

அடுத்தது அளவெட்டியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கலியாண வேலை. அன்று தம்பிஐயாவுக்கு ரோசம் வந்தது. அரிசி தெரியும், தண்ணீர் தெரியும், நெருப்புத் தெரியும். இதில் என்ன வித்தை இருக்கிறது? கப்பலில் சமையற்காரன் இருபது பேருக்குச் சமைத்ததைக் கண்ணால் பார்த்த அளவிலேயே அரிசியைப் போட்டார். பானை பொங்கி அடுப்பை அணைத்தது. பருப்பு அடிப்பிடித்துக் கருகிய வாசம் ஒழுங்கைத் தெரு முடியும்வரை போனது. சோறு களியாகிவிட்டது. ஆடுகள் மட்டும் குறை சொல்லாமல் சாப்பிட்டன.

“இண்டைக்கு என்ன சமையல் அண்ணை?” என்று பிரவீணன் கேட்டான்.

“அதை ஏன் கேக்கிறாய்? சோறு களி, பருப்புக் கரி.”

“ஆனால் நீங்கள்தான் வைச்சனீங்கள்?”

“பின்னை ஆடோ வைச்சது?”

பிரவீணன் கொஞ்சம் யோசித்தான். “பாதி நம்பர் வந்திட்டுது அண்ணை.”

“பாதியோ?”

“ஓம். முன் பாதி.”

நம்பர் பாதி பாதியாக வருவதைக் கேட்ட நண்பர் நடராசா, “உவன் உன்னைப் பேய்க்காட்டுறான். யாழ்ப்பாணத்திலை ஒரு ஆள் இருக்கிறான், கை வைச்சால் எந்தப் பூட்டும் திறந்திடும்” என்றார். தம்பிஐயாவுக்கும் பயண நாள் கிட்டக்கிட்டப் பொறுமை போய்விட்டது. வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று பிரவீணனிடம் பொய் சொல்லிப் புதுப் போனை வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினார்.

கை வைத்தால் திறப்பவன் போனைக் கம்பியூட்டரில் கொழுவினான். தட்டினான். வியர்த்தான். போனின் திரையில் கொம்பனியின் அடையாளம் ஒன்று வந்து நின்றது. நின்றதுதான், போகவேயில்லை.

“போனிலை ஏதோ பிழை ஐயா” என்றான் அவன்.

தம்பிஐயா அடுத்த பஸ்ஸில் நெல்லியடிக்குத் திரும்பினார். போனைக் கண்ட பிரவீணன் கதிரையை விட்டு எழும்பிவிட்டான்.

“ஐயோ அண்ணை! இனி நான் அக்காவுக்கு என்ன சொல்லுவன்?”

கமலாவதியின் வாய்க்கு நெல்லியடிக் கடைக்காரன்கூடப் பயப்படுகிறானே என்று தம்பிஐயாவுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. “அவவுக்கு ஒண்டும் சொல்லாதை தம்பி. உன்ரை கையைக் காலாப் பிடிக்கிறன். அந்தப் போன் இல்லாமல் அவ போனால் நான் இஞ்சை என்ன செய்யிறது? அவ கதைக்காமல் எனக்கு ஏலாது” என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

பிரவீணன் போனை வாங்கித் தன் கம்பியூட்டரில் கொழுவினான். “அந்தரப்படாதேங்கோ அண்ணை. எல்லாத்தையும் புதுசா ஏத்திப் பாக்கிறன். இனி உண்மையாவே நாள் செல்லும்.”

வீட்டுக்கு வரும் வழியில் தம்பிஐயா நன்றாக யோசித்தார். இந்தப் பிள்ளை காணும்போதெல்லாம் சாப்பாட்டைப் பற்றியே கேட்கிறான். கடையைப் பூட்டிவிட்டுப் போய்ச் சாப்பிட நேரமில்லாதவன் போல. வயிறு குளிர்ந்தால் மனமும் இளகும், மீதி நம்பரும் வரும். நல்ல சாப்பாடு ஒன்று கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். கமலாவதியிடம் கேட்டால் யாழ்ப்பாணத்துக் கதை வெளியில் வந்துவிடும். ஆகவே தானே சமைப்பது.

பயணத்துக்கு நாலைந்து நாள் இருக்கும்போது, கமலாவதி லண்டனுக்குக் கொண்டுபோக மிளகாய்த்தூள் இடிக்க மில்லுக்குப் போனாள். தம்பிஐயா கடற்கரைக்குப் போனார். மீனில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. துடிக்கத் துடிக்க விளைமீன் வாங்கி வந்தார். குசினியில் இருந்த ஒவ்வொரு போத்தலையும் திறந்து மணந்தும் நக்கியும் பார்த்தார். வெந்தயம் கிடைத்தது. பெருஞ்சீரகம் கிடைத்தது. சீனியும் கிடைத்தது; இத்தனை காலமும் அது அவருடைய கண்ணுக்கு நேரேதான் இருந்திருக்கிறது.

கமலாவதி குழம்பு கூட்டும்போது வாசற்படியில் இருந்து பேப்பர் பார்த்த ஞாபகத்தை ஒவ்வொன்றாகக் கிளறினார். முதலில் வெங்காயம் வதங்கும் வாசம் வரும், பிறகு புளி, கடைசியில்தான் தேங்காய்ப்பால். மூக்கை நம்பியே சமைத்தார். தேங்காய் திருவும்போது விரலையும் கொஞ்சம் திருவிக்கொண்டார். சோறு பொலபொலவென்று வந்தது. ஒரு சொதியும் வைத்தார்.

பிரவீணன் ஒரு வாய் வைத்தான். நிறுத்தினான். இன்னொரு வாய் வைத்தான். பிறகு தலை நிமிராமல் முழுக்கச் சாப்பிட்டு, கை கழுவி, மேசை லாச்சியைத் திறந்து போனை எடுத்து வைத்தான். போன் பளிச்சென்று எரிந்தது.

“நம்பர் முழுக்க வந்திட்டுது அண்ணை. ஆனால் இஞ்சத்தைச் சிம் போட்டுப் பாக்காதேங்கோ, குழம்பிடும்.”

அன்றிரவு கமலாவதி மிச்சக் குழம்பில் சோறு பிசைந்தாள்.

“ஆர் வைச்சது?”

“ஆர் இருக்கினம் இஞ்சை?”

“உப்புக் காணாது” என்று சொல்லிவிட்டு இரண்டாந்தரமும் போட்டுக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. தூள் கூடிப்போய்விட்டது என்றாள்.

லண்டனில் இறங்கியதும் சுபாஜினி கொடுத்த சிம்மை அந்தப் போன் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. கமலாவதி உடனே தம்பிஐயாவுக்குப் போன் எடுத்தாள்.

“சாப்பிட்டியளோ?”

“புட்டும் மீன் பொரியலும். நீ?”

“இஞ்சை பாணும் முட்டையும்தான். இஞ்சருங்கோ, அந்த வெந்தயப் பொட்டலம் எந்தப் பையிலை கிடக்கு? தேடித் தேடிக் களைச்சுப்போனன்.”

“நீலப் பை. கம்பளிச் சட்டைக்குக் கீழை. நான்தானே அடுக்கினனான்” என்றார் தம்பிஐயா. நாற்பது வருசத்தில் முதல் தடவையாகக் கமலாவதி ஒரு பொருள் எங்கே என்று அவரிடம் கேட்டிருக்கிறாள். அந்தச் சந்தோசத்தில் அன்றைக்கு ஆடுகளுக்கு இரண்டு பங்கு குழை கிடைத்தது.

அடுத்த வாரம் நடராசா ஒரு போனோடு வந்தார். அவருடைய மனைவி பிரான்சில் மகனிடம் போகிறாள். மகன் அங்கிருந்து அனுப்பிய போன், இங்குள்ள சிம்மை ஏற்கவில்லை. தம்பிஐயா அவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, போனையும் ஒரு சட்டி இறால் குழம்பையும் எடுத்துக்கொண்டு பெருமையோடு நெல்லியடிக்குப் போனார்.

“எனக்கு எடுத்துத் தந்தமாதிரி நடராசாவுக்கும் ஒரு நம்பர் எடுத்துத் தா தம்பி.”

பிரவீணன் சட்டியின் மூடியைத் திறந்து மணந்தான்.

“நடராசா அண்ணைக்குச் சமைக்கத் தெரியுமோ?”

“விசர்க் கதை கதைக்கிறாய். போன் திறக்கிறதுக்கும் சமையலுக்கும் என்ன சம்பந்தம்?”

“அந்த ஊர்க் கொம்பனிப் போன் அந்த ஊரிலை தானா வேலை செய்யும் அண்ணை, நம்பர் ஒண்டும் தேவையில்லை, முதல் நாளே அக்காவிட்டைச் சொல்லிப்போட்டன், அவதான் ‘நான் போனால் இந்த மனுசன் பட்டினி கிடக்கும், ஒரு சோறு கறி வைக்கப் பழகுமட்டும் போனைக் குடுத்திடாதை தம்பி’ எண்டு சொல்லிப்போட்டுப் போனவா.”